ஐஸில் கொட்டிய செவ்வந்தி

யோகா மடியில் இருந்த பையைத் திறந்தாள். உதிர்த்து வைத்திருந்த செவ்வந்தி இதழ்களை இரண்டு கையாலும் அள்ளினாள். முன்னால் இருந்த தடுப்புக்கு மேலாக, ஐஸ் சறுக்கு நடனப் போட்டி நடக்கும் அரங்கின் ஐஸில் வீசினாள்.

ஒரு தரம் வீசிவிட்டு நிறுத்தினாளா? இல்லை. பை காலியாகும் வரைக்கும் வீசினாள்.

விசில் ஊதினார்கள். அப்போதுதான் தொடங்கிய பாட்டு நின்றது. அரங்கின் நடுவில் கையைத் தூக்கி ஆடத் தயாராக நின்ற ஷெரில், கையைக் கீழே போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தாள்.

"ஐயோ, என்ன வேலையப்பா செய்தனீர்!"

சிறிதரன் பாய்ந்து மனைவியின் கையைப் பிடித்தான். பிடித்து என்ன பிரயோசனம்? வெள்ளை ஐஸில் ஒரு கரை முழுக்க மஞ்சளாகிவிட்டது.

எறிந்தது யார் என்று சிட்னி சனத்துக்குச் சொல்லவா வேண்டும்? அந்த அரங்கிலேயே கோட்டுக்குக் கீழே சேலை தெரிய இருந்தது யோகா ஒருத்திதான். பின்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மா, "வெட்கம்! வெட்கம்!" என்று சத்தம் போட்டாள். சிறிதரனுக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

இத்தனைக்கும் ஷெரில் என்றால் யோகாவுக்கு உயிர். வீட்டில் புதுக் கலர் டிவி இருக்க, "பெட்டிக்குள்ள பாத்தா அது பாத்த மாதிரியே?" என்று சொல்லிப் புருஷனையும் இழுத்துக்கொண்டு, ஷெரில் ஆடுகிற போட்டிக்கெல்லாம் வந்துவிடுவாள். போன வருஷம் இதே போட்டியில் அந்தப் பெண் விழுந்து கணுக்கால் முறிந்தபோது, சோறு தண்ணி இல்லாமல் கிடந்தவள். இந்த முறையும் விழுந்தால் இனி ஐஸில் கால் வைக்கமாட்டேன் என்று ஷெரில் பேப்பரில் சொல்லியிருந்தாள். அதைப் படித்த நாளிலிருந்து யோகா நேர்த்தி வைக்காத கடவுள் இல்லை.

அப்படிப்பட்டவள் செய்கிற வேலையா இது?

போட்டி அதிகாரி ஒருவர் விறுவிறுவென்று வந்தார்.

"அம்மா, பூவை ஆட்டம் முடிந்த பிறகுதான் எறிய வேண்டும். அதுவும் தாளில் நன்றாகச் சுற்றி எறிய வேண்டும். ஒரேயொரு இதழ் சப்பாத்தின் அடியில் இருக்கும் கத்தியில் அகப்பட்டாலும் பிள்ளை விழுந்துவிடும். இதுகூடத் தெரியாதா?"

"சொறி, சொறி" என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டபடி சிறிதரன் எழுந்து நின்று குழைந்தான். "எங்கள் ஊரில் சாமி வந்தால் பூத் தூவுவது வழக்கம். அந்தப் பழக்கத்தில்…"

யோகா ஒன்றும் தெரியாத அப்பாவி மாதிரித் தலையை ஆட்டினாள்.

"இன்னொரு தரம் இப்படிச் செய்தால் வெளியே அனுப்பிவிடுவேன்!"

"யெஸ், யெஸ். சொறி" என்றாள் அவள்.

இரண்டு பேர் தும்புத்தடியோடு வந்து கூட்டத் தொடங்கினார்கள். ஈர ஐஸில் ஒட்டிய இதழ் லேசில் வருமா? கூட்டினார்கள், கூட்டினார்கள், கூட்டிக்கொண்டே இருந்தார்கள். ஷெரில் ஓரத்துக்கு வந்து தண்ணீர் குடித்தாள். அவளுடைய பயிற்சியாளர் ஏதோ சொன்னார், அவள் காலடியில் குனிந்தார், நிமிர்ந்தார். சிறிதரனின் கண் தும்புத்தடியை விட்டு அசையவில்லை.

"தேர்த் திருவிழா எண்டு நினைச்சீரோ?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான். "மகேந்திரராஜா அண்ணை வீட்டுப் பூசைக்கு எண்டு கொண்டு வந்த பூ. இப்ப அங்க வெறுங்கையோடயே போறது?"

"சும்மா இருங்கோப்பா. தொடங்கப் போகுது."

"இப்ப அவள் விழுந்தா, பழி உம்மட தலையிலதான். விளங்குதே?"

பாட்டு மறுபடி தொடங்கியது. ஷெரில் வழுக்கிக்கொண்டு வந்தாள். முதல் பாய்ச்சலில் சிறிதரன் கதிரையின் விளிம்பைப் பிடித்தான். அடுத்த பாய்ச்சலில் முருகனைக் கூப்பிட்டான். போன வருஷம் அவள் விழுந்த அந்தக் கடைசிப் பாய்ச்சல் வந்தபோது கண்ணையே மூடிக்கொண்டான்.

கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கண்ணைத் திறந்தான். ஷெரில் நின்றுகொண்டிருந்தாள், இரண்டு காலிலும் நன்றாக.

"அப்பாடா!" என்றான்.

"அப்பாடா!" என்றாள் யோகாவும். சொல்லிவிட்டுச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே அழுதாள். ஷெரிலுக்குத்தான் முதலிடம் என்று அறிவித்தபோது, பின்வரிசை அம்மாவே யோகாவின் தோளில் தட்டினாள்.

காரில் ஏறும் வரைக்கும் சிறிதரன் பொறுத்துக்கொண்டான். ஏறியதும் கேட்டுவிட்டான்.

"எத்தினை வருசமா இதைப் பாக்க வாறீர்! பூவை எப்ப எறியிறது எண்டு உமக்குத் தெரியாதோ?"

"தெரியும்."

"தெரிஞ்சு கொண்டோ எறிஞ்சனீர்?"

"அவளின்ர இடது சப்பாத்து லேஸ் அவிண்டு கிடந்துதப்பா. அவள் காணேல்லை. கத்தினா அந்தப் பாட்டுச் சத்தத்தில ஆருக்குக் கேக்கும்?"

சிறிதரன் திறப்பைப் போட்டுக் காரைக் கிளப்பாமல் அவளையே பார்த்தான்.

"அதை அந்த மனுசனிட்டச் சொல்லியிருக்கலாமே! ஏன் விசரி மாதிரிப் பேச்சு வாங்கினனீர்?"

"லேஸ் சரியாக் கட்டாமல் வந்தவள் எண்டு தெரிஞ்சா அந்தப் பிள்ளைக்கு மார்க்கை வெட்டிப் போடுவினம். எனக்கு ஒண்டும் தெரியாது எண்டு நினைச்சா, என்னை ஏசிப் போட்டு விட்டிடுவினம்தானே?"