நாலு பேர் சேர்ந்து செய்த வேலை

சோபா வாசற்படியில் சிக்கிக்கொண்டது.

இடப்பக்கம் சாய் என்றார் அப்பா. அம்மா வலப்பக்கம் சாய்த்தாள். நடுவில் நசுங்கியது மகன் கோல்பியின் விரல்.

விரலை உதறிவிட்டு மறுபடி சோபாவைப் பிடித்தான். காலையிலிருந்தே பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தான்.

திங்கட்கிழமை அவனுக்குப் பதினெட்டு வயது முடிகிறது. சாரணர் படையில் பதினெட்டோடு கதவைச் சாத்திவிடுவார்கள். அதற்குள் எல்லா பேட்ஜும் கைக்கு வந்துவிட்டால் ஈகிள் என்ற உச்சப் பட்டம். வராவிட்டால் ஏழு வருஷம் கொசுக்கடியில் கூடாரம் அடித்ததெல்லாம் தண்டம்.

பாக்கி ஒரே ஒரு பேட்ஜ். நீச்சல், முதலுதவி எல்லாம் பதினாலு வயதிலேயே முடித்துவிட்டான். இது குடும்ப வாழ்க்கை பேட்ஜ். அதிலும் ஒரே ஒரு வரிதான் காலி. குடும்பத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு வேலையைச் செய்து முடிக்க வேண்டும்.

அந்த ஒரு வரி மூன்று வருஷமாக அவன் உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

வேலி அடிக்கலாம் என்று கெஞ்சினான். உங்கப்பன் வந்தால் நான் வரமாட்டேன் என்றாள் அம்மா. கராஜைச் சுத்தம் செய்யலாம் என்றான். முதல் பெட்டியைத் தூக்கியதுமே அது யார் காசில் வாங்கியது என்று ஆரம்பித்து, அப்பா காரை எடுத்துக்கொண்டு போயே போய்விட்டார். எட்டு வயதுத் தங்கை மேடி மட்டும் துடைப்பத்தோடு நின்றாள்.

இன்றைக்கு வந்து பார்க்க வேண்டும். அப்பா மேசைக் காலைக் கழற்றுகிறார். அம்மா தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றுகிறாள். மேடி பெட்டிகளுக்கு டேப் ஒட்டுகிறாள். ஒரு சண்டை இல்லை. வீடு விற்றாகிவிட்டது, விவாகரத்துக்குக் கோர்ட்டில் கையெழுத்தும் ஆகிவிட்டது. இனிமேல் சண்டை போட என்ன இருக்கிறது?

நேற்றே வந்து நின்ற வாடகை லாரிகள் இரண்டு. ஒன்று அப்பாவோடு ஓமஹாவுக்கு. இன்னொன்று அம்மாவோடு கான்சாஸில் பெரியம்மா வீட்டுக்கு. மேடி பள்ளிக்கூட நாட்களில் யாரிடம், விடுமுறைக்கு யாரிடம் என்று கோர்ட்டு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்திருந்தது. அதை ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தார்கள். ஃபிரிட்ஜ் இப்போது அம்மாவின் லாரியில்.

லாரிகளுக்கு நடுவே புல்தரையில் ஒரு கட்டில் கிடந்தது. அப்பா அதன் மேல் காபிக் கோப்பையை வைத்துவிட்டு மறந்துபோனார். அம்மா ஒரு பெட்டியை அதில் இறக்கி, மூச்சு வாங்கிவிட்டு, மறுபடி தூக்கிக்கொண்டு போனாள். மற்றபடி எல்லோரும் அதைச் சுற்றிச் சுற்றி நடந்தார்கள்.

நாலு மணிக்கு வோகல் வந்தார். கடைத்தெருவில் ஆணியும் பெயின்ட்டும் விற்கிறவர், இந்த பேட்ஜுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர். கோல்பி நீட்டிய நீல பேட்ஜ் அட்டையை வாங்கிக்கொண்டு வீட்டையும் வியர்த்துப்போன நாலு முகங்களையும் பார்த்தார். மனிதருக்கு ஒரே சந்தோஷம்.

"அடேயப்பா, கடைசியில நாலு பேரையும் ஒரே வேலையில புடிச்சுப் போட்டுட்டியேடா."

பேனாவைத் திறந்தபடியே, பேச்சோடு பேச்சாகக் கேட்டார், இந்தக் கட்டில் எந்த லாரிக்கு என்று.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

"அவன் உன்கூட வர்றான்னுல்ல நெனச்சேன்" என்றார் அப்பா.

அம்மாவும் அதையேதான் நினைத்திருந்தாளாம்.

அந்த மூன்று பக்கத்தில் கோல்பியின் பெயர் இல்லை. திங்கட்கிழமை பெரியவனாகிவிடுகிறவன் யாரிடம் என்று எந்தக் கோர்ட்டும் எழுதாது. பள்ளிக்கூடம் முடிய இன்னும் எட்டு மாதம் பாக்கி இருந்தாலும் எழுதாது. வீட்டில் இருப்பவர்களாவது கேட்பார்கள் என்று இருந்தான். ஒருவரும் கேட்கவில்லை.

இன்று அந்த வீட்டிலிருந்து முதலில் வெளியே வந்த சாமான் அவனுடைய அந்தக் கட்டில்தான். மற்றவர்கள் எழுந்திருக்கும் முன்பே கழற்றி, ஒவ்வொரு துண்டாகத் தனியாகத் தூக்கி வந்து, மறுபடி பூட்டி, இரண்டு லாரிக்கும் சரிநடுவில், காலடியால் அளந்து வைத்தான். யார் தூக்குகிறார்கள் என்று பார்த்துவிடலாம் என்றுதான்.

வோகலின் பேனா அந்தரத்தில் நின்றது. இதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாமா என்று இழுத்தார்.

"கையெழுத்தப் போடுங்க சார். குடும்பமே ஒண்ணா சேந்து செஞ்ச வேலதான்."

அப்பா காபிக் கோப்பையை எடுத்துக்கொண்டார். அட்டையை வைத்து எழுத வேறு இடம் இல்லை. வோகல் கட்டிலின் தலைப்பலகையில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார்.