ஐம்பது கிராம் கல்

உக்கிரபாண்டி எடைக்கல்லை எடுக்கும்போது அவர் கையைப் பார்க்கக் கூடாது என்று போடியில் யாரும் யாருக்கும் சொன்னதில்லை. ஆனால் அவருடைய தராசுக் கடைக்கு வருகிற எவரும் பார்ப்பதில்லை. இப்போதும், ஏலக்காய் நிறுக்கும் மின்தராசைச் சரிபார்க்கக் கொண்டுவந்த ஈஸ்வரன் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். உக்கிரபாண்டியின் மனைவி சந்திரவல்லி சீட்டு எழுதுவதுபோலக் குனிந்திருக்கிறாள். பெட்டியின் வெல்வெட் குழிகளில் அமர்ந்திருக்கும் எஃகுக் கற்களின் மேல் காலை வெயில் நழுவுகிறது. விரல் வியர்வை பட்டால் எடை பிசகும் என்பதால் ஐம்பது கிராம் கல்லை அவர் சாமணத்தால் பற்றித் தூக்குகிறார். முப்பது வருடம் ஓசையில்லாமல் கல் இறக்கிய கை சில மாதங்களாக நடுங்குகிறது. கல் தட்டின் விளிம்பில் கிணுகிணுக்க, திரையில் எண்கள் நிலைகொள்ளாமல் துடிக்கின்றன. கல் நழுவினால் நாளை ஒருவரும் தராசு கொண்டுவர மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். “வெரசா பாருங்க மாமா, போடிமெட்டு ஜீப்பு கெளம்பிரும்,” என்கிறான் ஈஸ்வரன், விசிறியிடமே. “நீ ஏறாட்டி ஜீப்புக்குப் பாரம் கொறையும் மாப்ளே, இரு,” என்று சிரிக்கப் பார்க்கிறார். கல் மறுபடி தட்டில் இடிக்கிறது. சந்திரவல்லி பேனாவை மூடிவிட்டு எழுந்து வந்து, அவருடைய மணிக்கட்டைத் தன் உள்ளங்கையில் தாங்கிக்கொள்கிறாள். “விடு புள்ள, மாப்ள பாக்குறான்ல.” “பாக்கட்டும். கை நடுங்குது, நான் பிடிச்சிருக்கேன். நீங்க கல்ல வைங்க.”