ராக்காயியின் மூன்று நாள்

திலகவதி சொன்ன இந்தக் கதையை நல்லதம்பி எட்டு வருஷமாக நம்பவில்லை.

சொன்னவள் கட்டிய மனைவி. பொய் பேசுகிற ஆளும் இல்லை. இருந்தும் அவருக்கு மனசு ஒப்பவில்லை.

திலகவதி கிராம சுகாதார நர்ஸ். கறம்பக்குடிப் பக்கம் ஒரு ஊரில் பெண்களைக் கூட்டி, மாதவிடாய் பற்றி வகுப்பெடுக்கப் போயிருந்தாள். அந்த ஊர்க்கோடியில் ஒரு ஓட்டுக் கொட்டகை. தூரமான பெண்கள் மூன்று நாளும் அங்கேதான் இருக்க வேண்டும். வீட்டு ஆட்கள் சோற்றைக் கொண்டுவந்து எட்ட வைத்துவிட்டுப் போவார்கள்.

"இது தீட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஒடம்போட வேலை. கொட்டகையப் பூட்டிட்டு அவங்கவங்க வீட்டுல இருங்க" என்றாள் திலகவதி.

சின்னப் பெண்கள் கை தட்டினார்கள். பின்வரிசையில் ராக்காயி எழுந்தாள்.

"நாப்கினக் குடுத்தமா, போனமான்னு இருங்க நர்சம்மா. கொட்டகை மேல கைய வைக்காதீங்க."

"ஏங்க்கா, நீங்களும் அங்கிட்டுப் போறீங்களா?"

"மாசம் தவறாம."

திலகவதி பதிவேட்டைப் புரட்டினாள். ராக்காயி, கணவர் கருப்பன், வயது ஐம்பத்தாறு. திக்கென்றது. இந்த வயதில் மாசம் தவறாமலா? கர்ப்பப்பையில் கட்டியோ, அதைவிடப் பெரிய வியாதியோ?

"நாளைக்கே புதுக்கோட்டைக்கு வாங்க. ஸ்கேன் எடுக்கணும்."

"நான் வரல."

"செத்துப் போயிருவீங்கக்கா!"

"போனாப் போறேன். ஒங்களுக்கென்ன?"

திலகவதி விடுகிற ரகமில்லை. 'படிக்காத சனம்னா இப்படித்தான்' என்று எல்லார் முன்னாலும் திட்டினாள். கருப்பனையும் மிரட்டிவைத்தாள். மறுநாள் அவனே மூக்கைச் சிந்திக்கொண்டு பெண்டாட்டியைத் திலகவதியோடு பஸ் ஏற்றிவிட்டான்.

ஆலங்குடி தாண்டியதும் ராக்காயி மெல்ல வாயைத் திறந்தாள்.

"எறங்கிருவோம் நர்சம்மா. எனக்கு நின்னு ஆறு வருஷமாச்சு."

"பெறகு கொட்டகைக்கு எதுக்குப் போறீங்க?"

"அங்கிட்டு இருந்தா களையெடுக்கக் கூப்பிட மாட்டாங்க. சோறு எங்க, சட்டை எங்கன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கல்யாணமான நாள்லேருந்து நான் காலை நீட்டி ஒக்காந்தது அந்த மூணு நாளுதான். நின்னுபோச்சுன்னு சொன்னா அதுவும் போயிரும்ல?"

வந்ததற்கு டாக்டரிடம் காட்டிவிட்டே அனுப்பினாள் திலகவதி. ஒரு கோளாறும் இல்லை. நாளடைவில் அந்த ஊர்ப் பெண்கள் கொட்டகைக்குப் போவதை நிறுத்தினார்கள். ராக்காயி மட்டும் நிறுத்தவில்லை.

நல்லதம்பிக்கு இடித்தது ஒரே இடத்தில்தான்.

"ஆறு வருஷம் திலகா! கூடவே இருக்குற புருஷனுக்குத் தெரியாமலா போகும்?"

"எந்தப் புருஷன் கேட்டான்?" என்று அவள் சிரித்தாள்.

பள்ளிக்கூடத்தில் மற்ற ஆசிரியர்களிடம் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம், "நம்ம வீட்டம்மா கொஞ்சம் ஜோடிச்சிருப்பா" என்று ஒரு வரி சேர்த்துக்கொள்வார்.

இன்று அவருடைய பள்ளியிலேயே மாணவிகளுக்கும் தாய்மார்களுக்கும் மாதவிடாய் பற்றி அப்படியொரு கூட்டம். தலைமையாசிரியர் என்பதால் பேச்சு அவருடையது. திலகவதி எழுதிக் கொடுத்த தாளைக் கையில் வைத்துக்கொண்டு முழங்கினார். "தீட்டு என்று ஒன்று கிடையாது! பெண்ணை ஒதுக்கி உட்கார வைக்கிற வீடு வீடே இல்லை!"

நல்ல கைதட்டல். தாளின் கடைசி வரியையும் விடாமல் படித்தார். "பெரும்பாலும் ஐம்பது வயதை ஒட்டி நின்றுவிடும். நின்ற பிறகு மறுபடியும் ரத்தம் பட்டால் உடனே டாக்டரைப் பாருங்கள்."

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். அடுப்படியில் விளக்கு எரியவில்லை. பின்னறையில் பாய் விரித்திருந்தது. தனித் தட்டு, தனித் தம்ளர்.

"ஏங்க, வந்துட்டீங்களா? மூணு நாளைக்கு நான் இங்கிட்டுத்தான். மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு."

அவருடைய அம்மா போட்ட வழக்கம் அது. அம்மா போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகியும் திலகவதி விடவில்லை. ட்யூட்டிக்குப் போவாள், ஊரெல்லாம் நாப்கின் கொடுப்பாள், அடுப்படிக்கு மட்டும் வர மாட்டாள். "அத்தை சொன்னத மீற வேணாங்க" என்பாள். பெரியவர்கள் சொல்லுக்கு எவ்வளவு மரியாதை என்று அவருக்கும் உள்ளூர ஒரு பெருமை.

அவர் சுட்ட தோசை ஓரமெல்லாம் கருகிவிட்டது. தட்டை நிலைப்படிக்கு அந்தப் பக்கம் தள்ளிவிட்டு நிமிர்ந்தபோதுதான் அந்தக் கடைசி வரி நினைவுக்கு வந்தது. போன மாசம்தான் அவளுக்கு ஐம்பத்தைந்து முடிந்து கேக் வெட்டினார்கள்.

அவருக்கும் திக்கென்றது. "ஸ்கேன்" என்று வாயெடுத்தார்.

திலகவதி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். மடியில் வாரப் பத்திரிகை. ஏதோ ஒரு ஜோக்கைப் படித்துத் தனக்குத்தானே சிரித்தபடி, கருகாத பக்கமாகப் பார்த்துத் தோசையைப் பிட்டாள்.

அவர் சொல்ல வந்ததை விழுங்கிவிட்டு, வேறொன்று கேட்டார்.

"திலகா... ஒனக்கு நின்னு எத்தனை வருஷமாச்சு?"