பிசிறில்லாத ஓர் அகரம்

“எங்கேருந்து சுட்டீங்க, அத்தான்?”

மைத்துனன் குரலை உயர்த்தவில்லை; அதுவே அதிகம் உறைத்தது. அவன் மேசைமேல் விரித்த தாளில், அத்தான் வரைந்து கொடுத்த எழுத்துகள் வரிசையாக நின்றன. தடித்த உடல், காலடியில் சிறு பாதம், எலி கொறித்தாற்போன்ற விளிம்பு.

தேயிலைத் தகர டப்பாக்களுக்குப் பழைய பாணியில் ஓர் எழுத்துரு வேண்டும் என்றுதான் அவனுடைய நிறுவனம் கேட்டிருந்தது. வந்து சேர்ந்தவையோ நூறாண்டு மழையிலும் வெயிலிலும் கிடந்தவை போலிருந்தன. முதலாளி சொக்கிப்போனார். பிறகு யாரோ அவர் காதில் ஊதிவிட்டார்கள்: இத்தனை இயல்பான தேய்மானம் கணினியில் வராது, ஏதோ பழைய சுவரொட்டியிலிருந்து பிரதி எடுத்திருக்கிறார் என்று.

சிபாரிசு செய்தவன் மைத்துனன். பழி உறுதியானால் அத்தானுக்கு இனி எவரும் வேலை தரமாட்டார்கள். அவனும் அங்கே தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

அக்கா காப்பி கொண்டுவந்தாள். தம்பிக்கு விளிம்புவரை, கணவருக்கு அரை டம்ளர்.

“மழை ஆரம்பிச்சதிலேருந்து உன் அத்தானுக்கு எல்லாமே பாதிதான். காப்பி பாதி, பேச்சு பாதி. என்மேல கோவம் மட்டும் முழுசா இருக்கும்போல,” என்றாள். யாரும் சிரிக்கவில்லை.

மைத்துனன் ஒரு வழி சொன்னான். எழுத்தை முதலில் பிசிறில்லாமல் வரைந்து, அதன் பிறகே தேய்த்துச் சிதைப்பார்கள். இத்தொழிலின் முறை அது. அந்த முதல் வரைவைக் காட்டிவிட்டால் பழி நீங்கிவிடும்.

“அது இல்லை,” என்றார் அவர்.

“கிழிச்சுப் போட்டுட்டீங்களா?”

“இருந்ததே இல்லை.”

அக்காவின் முகம் வெளுத்தது. கணவர் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்ததும், அவள் உள்ளே நுழைந்தபோதெல்லாம் உடனே தூரிகையைக் கீழே வைத்துவிட்டதும் இப்போது வேறு பொருள் தந்தன.

மைத்துனன் வெற்றுத் தாள் ஒன்றை அவர் முன் நகர்த்தினான். “சரி, என் கண்ணு முன்னாடி ஒரு ‘அ’ போடுங்க. பிசிறு வேண்டாம், சுத்தமா. அதே கைன்னு தெரிஞ்சா நான் போய்ப் பேசிக்கிறேன்.”

அவர் அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்தார். பிறகு மையைத் தொட்டு, மூச்சை அடக்கி, ஓர் அகரம் வரைந்தார்.

மைத்துனன் குனிந்து பார்த்தான். அதே உடல், அதே பாதம்; எலி கொறித்த அதே விளிம்பு. திருட்டில்லை என்று தெளிந்த நிம்மதியில் அவன் சிரித்தேவிட்டான்.

“நான் பிசிறில்லாமன்னுதானே சொன்னேன், அத்தான்?”

அக்கா சிரிக்கவில்லை. எடுக்கும் கை நடுங்கினாலும் தளும்பாத அந்த அரை டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எல்லாத்தையும் நேராத்தான் வரைஞ்சேன், மாப்ளே.”