வேண்டாம் என்று சொன்னவர்

"மேடம், எங்க மூணு பேருக்கும் பிடிச்சிருக்கு. நீங்க மட்டும் வாயே திறக்க மாட்டேங்கறீங்களே?" என்றார் அருங்காட்சியகத்தின் இயக்குநர்.

தலைமைக் காப்பாட்சியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ஏற்கெனவே துடைத்ததுதான்.

மேஜைமேல் சாய்த்து வைத்திருந்த படத்தில் ஒரு மொட்டைமாடி. கொடியில் துணிகள் காய்கின்றன. ஒரு மஞ்சள் போர்வை மட்டும் காற்றில் உப்பி, இதோ கழன்று பறக்கப் போகிறேன் என்று நிற்கிறது. அவ்வளவுதான் படம். ஆனால் வைத்த கண்ணை எடுக்க முடியவில்லை.

புதுக் கூடத்தில் மாட்ட, உள்ளூர் ஓவியர் ஒருவரின் படத்தைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம் அது. வரைந்தவர் பெயர் தெரியக்கூடாது என்று படத்தின் பின்பக்கம் தாள் ஒட்டி மறைத்திருந்தார்கள். குழுவில் ஒருவர் வேண்டாம் என்றாலும் படம் வெளியே போய்விடும்.

தாள் ஒட்டியது மற்ற மூவருக்கும்தான் பயன்பட்டது. அவளுக்கு, படத்தின் உறையைப் பிரித்தபோதே ஆள் தெரிந்துவிட்டது.

கையெழுத்தில்லாத பழைய படங்களை வரைந்தது யார் என்று கண்டுபிடிப்பதுதான் அவள் தொழில். கிடங்கில் தூசி தட்டும் உதவியாளராகச் சேர்ந்தவள் இந்த நாற்காலிவரை வந்தது அந்தக் கண்ணால்தான். 'பூதக்கண்ணாடி' என்று ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் சொல்வது அவளுக்கும் தெரியும். தூரிகை எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது, நிழலுக்கு எந்த நிறத்தைக் குழைத்திருக்கிறார்கள் என்று பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள்.

இந்தப் படத்தில் நிழலுக்குக் கறுப்பே தொடவில்லை, பச்சையைக் குழைத்திருந்தது. போர்வையின் மடிப்புகள் எல்லாம் கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. கல்யாணமான நாளிலிருந்து வீட்டுச் சுவரில் தினமும் பார்க்கிற கை. அவள் கணவருடைய கை.

சொல்லிவிட்டு எழுந்து போய்விடலாமா? சொன்னால் யார் படம் என்று அம்பலமாகிவிடும். அதற்குப் பிறகு தேர்வானால் ஊர் சும்மா இருக்குமா? அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவருடைய படம் ஒன்றை இங்கே மாட்டினார்கள். அதற்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும், "பெண்டாட்டி உள்ளே இருந்தா புருஷனுக்குச் சுவர் கிடைக்கும்" என்று காதுபடவே பேசினார்கள். அவரே வந்து படத்தைக் கழற்றிக்கொண்டு போனார். அன்றோடு வெளியில் காட்டுவதையே விட்டுவிட்டார்.

இப்போது ஏன் அனுப்பினார்? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

"மேடம்?"

"வேண்டாம்." கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"ஏங்க?" குழுவிலிருந்த சிற்பி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். "அந்தப் போர்வையைப் பாருங்க, எட்டிப் பிடிச்சிடலாம்போல இருக்கு!"

"கை பழகியிருக்கு, அவ்வளவுதான். சொந்தமா ஒண்ணும் இல்லை. யாரையோ பார்த்துப் போட்டது."

"யாரைப் பார்த்து?" ஓவியக் கல்லூரிப் பேராசிரியர் விடவில்லை.

"எனக்கு அப்படித் தோணுது. நான் ஒத்துக்க மாட்டேன். விட்டுருங்க."

பூதக்கண்ணாடியே சொன்ன பிறகு மேல்முறையீடு ஏது? படத்தைத் தூக்கிச் சுவரோரம் வைத்தார்கள். சிற்பி மட்டும் கிளம்பும்வரை அதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தபோது கணவர் அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"வந்துட்டியா? பொண்ணு சாப்பிட வர்றாளாம், இப்பதான் போன் பண்ணினா. என்ன, முகமே சரியில்லை?"

அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "என்னை மன்னிச்சிருங்க. உங்க படத்தை நான்தான் வேண்டாம்னுட்டேன்."

"எந்தப் படத்தை?"

"மறைக்காதீங்க. மொட்டைமாடி, மஞ்சள் போர்வை... உங்க கை எனக்குத் தெரியாதா?"

அவர் கத்தியை வைத்துவிட்டுத் திரும்பினார். "உனக்கென்ன பைத்தியமா? நான் போடுறதெல்லாம் இந்த வீட்டுச் சுவருக்குத்தான். உங்க ஆபீசுக்கு அனுப்புவேனா? ஒரு தடவை பட்டது போதாதா?"

அவருக்குப் பொய் சொல்ல வராது. அப்படியானால் யாரோ முகம் தெரியாத ஒருவர். நேர்மை, நேர்மை என்று பயந்து யாருடைய பிழைப்பில் மண்ணைப் போட்டோம்? நாளைக்கே இயக்குநரிடம் போய்ச் சொன்னால் என்ன? என்னவென்று சொல்வது?

அழைப்பு மணி அடித்தது.

வாசலில் மகள். வேலை கிடைத்ததிலிருந்து அலுவலகத்துக்குப் பக்கத்தில் தோழியோடு அறை எடுத்துத் தங்கியிருப்பவள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது.

"என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லைம்மா." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "சின்னப் பிள்ளையில அப்பா கத்துக்குடுத்ததை நான் விடவே இல்லை. ரூம்ல உக்காந்து போட்டுக்கிட்டேதான் இருந்தேன். அதுல ஒண்ணை உங்க ஆபீசுக்கு அனுப்பினேன். சொன்னா நீ சங்கடப்படுவேன்னு சொல்லலை. இப்ப போன் வந்தது. எல்லாருக்கும் பிடிச்சதாம், யாரோ ஒருத்தர் மட்டும் பிடிவாதமா வேண்டாம்னுட்டாங்களாம்."

அடுப்படி வாசலில் கணவர் அசையாமல் நின்றார். அம்மாவின் கண் நிறைந்ததைப் பார்த்ததும் மகளே ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

"விடும்மா, நீ ஏன் அழறே? என் படம்னு தெரியாமலே அந்த ஆள்கிட்ட நீ எனக்காக எவ்வளவு சண்டை போட்டிருப்பே!"