அருவிக்குப் போன நேரம்

“மண்ணுல ஈயம் அளவுக்கு மேல இருக்கு அண்ணாச்சி” என்றார் நகராட்சிப் பொறியாளர் யோகலட்சுமி.

“இருக்கவே இருக்காதும்மா. மறுபடியும் பாக்கச் சொல்லுங்க.” என்றார் அந்த வார்டு கவுன்சிலர் பாண்டித்துரை.

தென்காசியில் மூடிக்கிடக்கும் பேட்டரி ஆலை நிலத்தைச் சோதிக்க அரசு பணம் ஒதுக்கியிருந்தது. மண் சுத்தமென்றால் அங்கே பேருந்து நிலையம் வரும். ஆலைச் சுவரை ஒட்டியிருக்கும் தன் வீட்டு முன்னால் வரிசையாகக் கடை கட்டிவிடலாம் என்றிருந்தார் பாண்டித்துரை.

“மண் எடுக்க வந்தவங்கள நீங்கதான கார்ல கூட்டிட்டுப் போனீங்க? உங்க கண்ணு முன்னாலதான எடுத்தாங்க?”

“ஆமா.”

“பொறவு என்ன சந்தேகம்?”

பாண்டித்துரை வெளியே வந்து மனைவிக்குப் போன் போட்டார்.

“ஏட்டி சங்கரேஸ்வரி, பேரனுக்குச் சோறு ஊட்டிட்டியா?”

“ஊட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நம்ம வீட்டுக் கீரைன்னா அள்ளி அள்ளித் திங்குதான்.”

“நிறுத்துட்டி!” என்று அலறினார்.

மண் எடுத்த அன்று நல்ல சாரல். வந்தவர்கள் ஐந்தருவியில் குளிக்கப் போனதும், காரில் பைகளிலிருந்த ஆலை மண்ணை வெளியே கொட்டிவிட்டு அவர் மாற்றி நிரப்பியது, தன் வீட்டுக் கீரைப்பாத்தி மண்.