முதலில் சாகிறவன்

சிலுவைப் போர்க் காலத்து ஹத்தீன் போரை ஆண்டுதோறும் ஜூலை வெயிலில், இரும்புக் கவசம் பூண்டு நடித்துக் காட்டும் குழு அது. சிலுவைப் படைக்குத் தலைவர் அர்காதி.

"மிரோன், இந்த வருஷமும் முதல் ஆளா செத்து விழுந்தேன்னா, அடுத்த வருஷம் உனக்கு இடமில்ல!"

"சரி, தலைவரே."

கொம்பு ஊதியதுமே மிரோன் விழுந்தான்.

"வெயிலுக்குப் பயந்தவன்!" என்று பல்லைக் கடித்தார் அர்காதி.

அவனைச் சுற்றி ஒவ்வொருவராக விழுந்தார்கள். திடீரென மிரோன் எழுந்து கத்தினான். "சண்டைய நிறுத்துங்க! என் பக்கத்துல கிடக்குற லேவ் நடிக்கல, நிஜமாவே மயங்கிட்டான்!"

கவசத்தைக் கழற்றித் தண்ணீர் ஊற்றியதும் லேவ் கண் திறந்தான்.

"இத்தனை பிணத்துல எப்படிப்பா கண்டுபிடிச்சே?"

"நான் ஆம்புலன்ஸ்ல வேலை பாக்குறேன், தலைவரே. கூடவே படுத்துக் கிடந்தாத்தான் யாரோட மூச்சு சரியில்லன்னு தெரியும்."

"இத முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா நீங்க யாரும் நிம்மதியா சாக மாட்டீங்களே!"

அர்காதி அவன் தோளை அணைத்துக்கொண்டு, களமே கேட்க முழங்கினார்: "அடுத்த வருஷமும் இவன்தான் முதல்ல சாவான். ஒருத்தரும் முந்தக் கூடாது!"